ஓமலூர் பக்கம் மனை வாங்கி வீடு கட்டிக் குடிபோகலாமா?

கேள்வி: சேலம் சூரமங்கலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு ஜங்ஷன் பக்கத்தில் வேலை, மனைவி மேச்சேரியில் ஆசிரியை. பையன் ஆறாவது படிக்கிறான். ஓமலூர் பக்கம் ஊர் வேகமாக வளர்கிறது, இப்போதே ஒரு மனை வாங்கிப் போடுங்கள் என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள். வாங்கலாமா? தினமும் போய்வரச் சரிப்படுமா?

வாங்கலாம். உங்கள் இருவர் வேலையையும் வைத்துப் பார்த்தால், சேலத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்துவது ஓமலூர்தான். அயோத்தியாப்பட்டணம், மல்லூர் பக்கமெல்லாம் நல்ல இடங்கள்தான், ஆனால் அங்கிருந்து மேச்சேரி போக சேலத்தைத் தாண்டியாக வேண்டும். அதனால் அந்த ஊர்களைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை.

ஆனால் ‘ஓமலூர் பக்கம்’ என்ற சொல்லை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள். ‘ஓமலூர் அருகில்’ என்று நோட்டீஸ் அடித்து விற்கும் மனைக்கும் ஓமலூர் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவே சில சமயம் ஏழெட்டு கிலோமீட்டர் இருக்கும். அந்த ஏழெட்டு கிலோமீட்டரில்தான் உங்கள் வாழ்க்கை நடக்கப் போகிறது. இந்தப் பக்கம் வீடு கட்டும் வேலையிலேயே இத்தனை வருடம் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே மனை பார்க்கும்போது இரண்டே விஷயத்தை முதலில் பாருங்கள். வாசலிலிருந்து பஸ்ஸுக்கு நடந்து போக முடியுமா? மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போகும்? மற்றதெல்லாம் அப்புறம்.

முதலில் ஊர் ஏன் இப்படி வளர்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஓமலூர் ஏதோ நேற்று முளைத்த நகர் இல்லை. பழைய தாலுகா தலைநகரம். கோர்ட்டு, சார்பதிவாளர் அலுவலகம், அரசு மருத்துவமனை, சந்தை எல்லாம் உள்ள ஊர். சேலத்திலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். நடுவில் கருப்பூர். அங்கே 1966 முதல் அரசு பொறியியல் கல்லூரி இருக்கிறது, 1997-ல் பெரியார் பல்கலைக்கழகம் வந்தது. பெங்களூரு நெடுஞ்சாலை நான்கு வழியானதும் அந்தச் சாலையின் இரு பக்கமும் ஹாஸ்டல், ஓட்டல், கல்யாண மண்டபம் என்று நிரம்பிவிட்டது. இந்தப் பக்கம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட் தொழில்நுட்பப் பூங்கா, அந்தப் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம். கருப்பூர் இன்றைக்கு ஏறக்குறைய சேலத்தோடு ஒட்டிவிட்டது. அதைத் தாண்டினால் அடுத்த ஊர் ஓமலூர்தான்.

இன்னொரு காரணத்தை யாரும் நோட்டீஸில் போடுவதில்லை, ஆனால் உங்களுக்கு அதுதான் முக்கியம். ஓமலூர் ஒரு கூட்டுச்சாலை ஊர். தெற்கே சேலம், வடக்கே தர்மபுரி, மேற்கே மேச்சேரி வழியாக மேட்டூர். தாரமங்கலத்துக்கும் இங்கிருந்தே சாலை பிரிகிறது. மேட்டூர் அனல் மின் நிலையம், பொட்டனேரி இரும்பாலை என்று மேற்கே வேலைக்குப் போகிறவர்களும், சேலத்துக் கடை, ஆஸ்பத்திரி, அலுவலகம் என்று தெற்கே போகிறவர்களும் ஒரே வீட்டில் இருக்க முடிகிற ஊர் இது. கணவன் ஒரு திசை, மனைவி ஒரு திசை என்று காலையில் பிரிந்து போகும் குடும்பங்கள் இங்கே நிறைய. உங்கள் வீடும் அப்படித்தான். உங்கள் மனைவி இப்போது தினமும் பயணம் செய்யும் தூரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். உங்களுக்குத்தான் கொஞ்சம் கூடும்.

சரி, அந்தப் போய்வரும் கதையைப் பார்ப்போம். சேலத்துக்கும் ஓமலூருக்கும் இடையே டவுன் பஸ் உண்டு. மேட்டூர், தர்மபுரி பஸ்களும் இந்த வழியாகவே போகின்றன. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்கு டிக்கெட் இல்லை. வேலைக்குப் போகும் பெண்கள் உள்ள வீட்டில் மாதச் செலவில் இது தெரியும்படியான மிச்சம். ஆனால் காலை எட்டு மணிக்கு அந்த பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரிப் பிள்ளைகள், வெள்ளிப் பட்டறைக்கும் ஜவுளிக் கடைக்கும் போகும் ஆட்கள், பூக்கூடையோடு வருகிறவர்கள், எல்லோரும் அந்த நேரத்தில்தான் ஏறுவார்கள்.

நெடுஞ்சாலை ஓமலூரை ஒதுக்கிவிட்டு பைபாஸாகப் போகிறது. ஓசூர், பெங்களூரு போகிற தொலைதூர பஸ் ஊருக்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும் என்று கணக்குப் போடாதீர்கள். ராத்திரி பத்து மணிக்கு பைபாஸில் இறங்கி, விளக்கில்லாத சர்வீஸ் ரோட்டில் நடப்பதை யோசித்துப் பார்த்து மனையைத் தேர்வு செய்யுங்கள். இந்த நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பது சாதாரண விஷயம் இல்லை. தொப்பூர் கணவாயில் இறங்கி வரும் லாரிகள் அதே வேகத்தில்தான் வருகின்றன. பையன் பள்ளிக்கூடத்துக்குச் சாலையைக் கடந்துதான் போக வேண்டும் என்றால் அந்த மனை எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம் என்பேன். சுரங்கப்பாதையோ மேம்பாலமோ பக்கத்தில் இருக்கிறதா என்று நடந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

நீங்கள் பைக்கில் போவதானால் குரங்குச்சாவடிதான் நெரிசல். 2020-ல் திறந்த ஐந்து ரோடு மேம்பாலம் வந்த பிறகு நகருக்குள் போகிறவர்களுக்குப் பெரிய நிம்மதி. நீங்கள் ஜங்ஷன் பக்கம் திரும்புகிறவர், கீழேயே போகவேண்டும். கார் வைத்திருந்தால் கருப்பூர் டோல்கேட்டையும் கணக்கில் சேருங்கள். சுங்கச்சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் சொந்த உபயோகக் காருக்கு மாதப் பாஸ் உண்டு. முகவரிச் சான்றும் ஆர்.சி. புத்தகமும் கொண்டுபோய்க் கேட்டு வாங்கிவிடுங்கள். பைக்குக்குக் கட்டணமே இல்லை.

ரயிலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ‘ரயில்வே ஜங்ஷன் அருகில்’ என்று விற்கிறார்கள். சேலத்திலிருந்து வரும் பாதை மேக்னசைட் ஜங்ஷனில் பிரிந்து, ஒன்று பொம்மிடி வழியாகச் சென்னைக்கும் இன்னொன்று ஓமலூருக்கும் வருகிறது. ஓமலூரில் மறுபடியும் பிரிந்து, ஒன்று மேட்டூர் அணைக்கும் ஒன்று தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கும் போகிறது. ஜங்ஷன் என்ற பெயர் சரிதான். ஆனால் ஆபீஸ் நேரத்துக்கு ஏற்ற மாதிரி அடுத்தடுத்து பாசஞ்சர் ரயில் ஓடும் புறநகர்ப் பாதை இது இல்லை. உங்கள் வேலை இடம் சேலம் ஜங்ஷன் பக்கமே என்பதால், நேரம் ஒத்துவரும் ரயில் ஒன்று அமைந்தால் நல்லது. அதற்காக மட்டும் மனைக்குக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள்.

இனி தண்ணீர். குடிதண்ணீர் ஒன்று, ஓடும் தண்ணீர் ஒன்று.

சேலத்துக்கும் ஓமலூருக்கும் நடுவே சாலையிலிருந்து பார்த்தாலே வெள்ளை வெள்ளையாகக் கரடுகள் தெரியும், அது மேக்னசைட் எனப்படும் வெள்ளைக்கல். அந்தக் கரடுகளை ஒட்டிய இடங்களில் நிலத்தடி நீரில் மக்னீசியம் கலந்து கடினத்தன்மை ஏறிவிடும். குழாய் முனையில் வெள்ளையாகப் படியும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அடியில் பாறை, போர் போட்டால் பல நூறு அடி ஆழம் போகாமல் தண்ணீர் வருவது அரிது, போன பிறகும் வரும் என்று உறுதி இல்லை. ஆகவே காவிரித் தண்ணீர் இணைப்பு உள்ள தெருவா என்பதே முதல் கேள்வி. மனை விற்கிறவரைக் கேட்காதீர்கள், ‘வந்துடும் சார்’ என்றுதான் சொல்வார். அந்தத் தெருவில் ஏற்கெனவே குடியிருக்கும் ஒரு வீட்டுப் பெண்ணிடம் கேளுங்கள். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எவ்வளவு நேரம் வருகிறது, கோடையில் லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா, எல்லாம் ஒரே பேச்சில் தெரிந்துவிடும். பேரூராட்சி எல்லைக்குள் உள்ள மனைக்கும் அதை ஒட்டிய கிராம ஊராட்சி மனைக்கும் தண்ணீர், தெருவிளக்கு, குப்பை வண்டி எல்லாவற்றிலும் வித்தியாசம் இருக்கும். சாலைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் இன்னொன்று என்றுகூட எல்லை போகும், கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

பக்கத்து ஏரியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். மேட்டூர் அணை நிரம்பி வழியும் காலத்தில் உபரி நீரைத் திப்பம்பட்டியில் பம்ப் செய்து, சரபங்கா ஆற்று வடிநிலத்தில் உள்ள 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுபோகும் திட்டத்தின் முதல் கட்டம் 2021-ல் தொடங்கியது. உங்கள் மனைக்குப் பக்கத்து ஏரி அந்த 100-ல் ஒன்றாக இருந்து தண்ணீரும் வந்து சேர்ந்தால், சுற்றுவட்டாரக் கிணறும் போரும் ஊறும். ஊர்க்காரர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

அடுத்தது ஓடும் தண்ணீர். இந்தப் பக்கம் மனை வாங்கியவர்கள் அதிகம் அவதிப்படுவது இதில்தான், நான் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன். ஓமலூரை ஒட்டி ஓடுவது சரபங்கா ஆறு. வருடத்தில் பெரும்பாலும் வறண்டு, முள்ளும் குப்பையுமாகக் கிடக்கும். அதைப் பார்த்து ஆறு செத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. அதன் தலை சேர்வராயன் மலையில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். மேலே கொட்டினால் அந்தத் தண்ணீர் எல்லாம் சரிவில் இறங்கி, ஓடைகளாக நம் காடு தோட்டங்கள் வழியாகத்தான் ஆற்றுக்குப் போக வேண்டும். இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழையால் ஓடையில் வெள்ளம் வரும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் வந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. மலையடிவாரத்து ஓடைகள் எல்லாம் தங்கள் பழைய வழியை நினைவு வைத்துக்கொண்டு வந்தன.

அந்தப் பழைய வழிகள் மீதுதான் பல இடங்களில் இப்போது மனை போட்டிருக்கிறார்கள். கரும்புத் தோட்டத்தையோ பூந்தோட்டத்தையோ வாங்கி, புல்டோசரை விட்டு ஒரே மட்டமாகச் சமன் செய்து, சிவப்பு மண் கொட்டி, மஞ்சள் வர்ணம் அடித்த கல் நட்டுவிடுவார்கள். பார்க்க அழகாக இருக்கும். பத்தடி அகலத்தில் இருந்த வாய்க்கால் இருந்த இடத்தில், சாலைக்கடியில் இரண்டடி சிமென்ட் குழாய் ஒன்று போட்டிருப்பார்கள். கோடையில் போய்ப் பார்க்கிறவருக்கு அது கண்ணிலேயே படாது. ஐப்பசியில் முதல் பெருமழைக்கு அந்தக் குழாய் வாயில் கரும்புச் சோகையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சாலை மேலேறி மிகத் தாழ்வான மனைக்குள் போகும். தாழ்வான மனையைத்தான் கடைசியில் கொஞ்சம் விலை குறைத்து விற்பார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. மனையின் பழைய சர்வே எண்ணைக் கேட்டு வாங்கி, அதன் புல வரைபடத்தை அரசு இணையதளத்தில் எடுங்கள். பட்டா சிட்டா பார்க்கும் அதே இடத்தில் கிடைக்கும். ஓடையும் வாய்க்காலும் பெரும்பாலும் தனி சர்வே எண்ணோடு, நீண்டு வளைந்த பட்டையாக இருக்கும். அந்த எண்ணுக்கு ‘ஏ பதிவேடு’ எனப்படும் கிராம நிலப் பதிவேட்டில் அரசு புறம்போக்கு, ஓடை என்று வரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தில் நின்று பாருங்கள். வரைபடத்தில் ஓடை இருக்கும் இடத்தில் தரையில் என்ன இருக்கிறது? ஓடையே இருந்தால் நல்லது. சாலையோ, பூங்கா என்று எழுதிய பலகையோ, இன்னொருவர் சுற்றுச்சுவரோ இருந்தால், அந்த மனைப்பிரிவில் எந்த மனையும் வேண்டாம். உங்கள் மனை ஓடையிலிருந்து தள்ளி இருந்தாலும் வேண்டாம். அடைத்த தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது.

கிணற்றுக்கும் இதே எச்சரிக்கை. ஓமலூர், காமலாபுரம் சுற்றுவட்டாரம் வெல்லத்துக்குப் பெயர் போனது. கரும்பு விளைந்த தோட்டம் என்றால் அதில் பெரிய வெட்டுக் கிணறு இல்லாமல் இருக்காது. மனை போடும்போது அந்தக் கிணற்றைக் கட்டட இடிபாடும் மண்ணும் கொட்டி மூடிவிடுவார்கள். மூடிய மண் பல வருடம் அமுங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வீட்டில் பின்பக்க அறைச் சுவர் மட்டும் மூலையிலிருந்து மூலைக்குக் குறுக்காக வெடித்திருந்தது. விரலை உள்ளே விடலாம், அவ்வளவு அகலம். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. அஸ்திவாரம் ஓரத்தில் தோண்டினால் உடைந்த ஓடு, செங்கல், வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டாயின் சாம்பல். வீடு பாதி கெட்டித் தரையிலும் பாதி கிணற்றின் மேலும் உட்கார்ந்திருந்தது. கடன் வாங்கிக் கட்டிய வீடு. அந்தக் குடும்பத்தின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களைப் பின்னோக்கித் தள்ளிப் பார்க்கும் வசதி இருக்கிறது. தோட்டமாக இருந்த காலத்துப் படத்தில் கிணறு கரும்பொட்டாகத் தெரியும். அதற்குமேல் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவரிடம், ‘ஐயா, இங்கே கிணறு எங்கே இருந்தது?’ என்று கேளுங்கள். கை நீட்டிக் காட்டுவார். அதைவிட நல்ல சான்று எதுவும் இல்லை.

பத்திர விஷயம் வக்கீல் பார்ப்பார், நான் நீட்டவில்லை. இவை மட்டும் நினைவில் இருக்கட்டும். ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்பதை நம்ப வேண்டாம். நகர ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் வேண்டும். 2016-ல் உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பதிவைத் தடுத்த பிறகு, அந்த ஆண்டு அக்டோபர் 20-க்கு முந்தைய மனைப்பிரிவுகளை வரன்முறை செய்ய 2017-ல் விதி வந்தது. வரன்முறை ஆகாத பழைய மனை மலிவாகக் கிடைக்கும், ஆனால் அதற்குக் கட்டட அனுமதியும் வங்கிக் கடனும் கிடைக்காது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால் ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் கேளுங்கள். வில்லங்கச் சான்று 30 வருடத்துக்குப் போடுங்கள். அப்புறம் பலரும் விட்டுவிடுவது ஒன்று உண்டு: மனைப்பிரிவின் சாலையையும் பூங்கா இடத்தையும் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டார்களா? அது ஆகாதவரை உங்கள் தெரு சட்டப்படி யாருக்கும் பொறுப்பில்லாத தெரு. விளக்குக் கம்பமும் சாக்கடையும் கேட்டு நீங்கள் நடையாய் நடக்க வேண்டிவரும். தானப் பத்திரத்தின் நகலைக் கேட்டால் ஒழுங்கானவர் உடனே எடுத்துக் காட்டுவார்.

விமான நிலையத்தைக் காட்டி விலை சொல்கிறவர்களிடம் தனி எச்சரிக்கை வேண்டும். 1993-ல் திறந்த நிலையம் அது. விமானம் வரும், நிற்கும். 2018-ல் சிறு நகரங்களுக்கு விமானம் விடும் மத்திய அரசின் உதான் திட்டத்தில் மறுபடி வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் திரும்பவும் தொடங்கியது. இதற்கிடையே ஓடுபாதை விரிவாக்கத்துக்குக் காமலாபுரம், சிக்கனம்பட்டி, பொட்டியபுரம், தும்பிப்பாடி கிராமங்களில் நிலம் எடுக்கும் பேச்சு எழுந்து, 2018-ல் விவசாயிகள் தெருவுக்கு வந்து போராடினார்கள். விளைகிற நிலத்தை விட்டுக்கொடுக்க மாட்டோம் என்று அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தக் கிராமங்களில் மனை பார்ப்பதானால், நிலம் எடுப்பு அறிவிப்பில் அந்த சர்வே எண் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் கேட்காமல் பேச்சே வேண்டாம். சுற்றிலும் கட்டட உயரத்துக்குக் கட்டுப்பாடும் உண்டு. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குவதாக இருந்தால் உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. குடியிருக்க வாங்குகிறீர்கள் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பையன் படிப்புக்குக் கவலை வேண்டாம், ஓமலூரிலேயே பள்ளிகள் இருக்கின்றன, சேலத்துப் பள்ளி வேன்களும் வருகின்றன. வைத்தியத்துக்கு அவசரம் என்றால் தாலுகா மருத்துவமனை, பெரிய விஷயம் என்றால் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை.

என் யோசனை இதுதான். பழைய ஊரை ஒட்டி, பஸ் ஸ்டாண்டிலிருந்தோ மேச்சேரி ரோட்டிலிருந்தோ நடக்கும் தூரத்தில், பேரூராட்சி எல்லைக்குள், கொஞ்சம் சின்ன மனையாக இருந்தாலும் பாருங்கள். நெடுஞ்சாலையைத் தாண்டி உள்ளே இருக்கும் பெரிய மனையைவிட அதுவே மேல். இப்போது மனை பேசி முடிக்காமல், புரட்டாசியில் ஓமலூரில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறுங்கள். சூரமங்கலத்தைவிட வாடகை குறைவாகத்தான் இருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் கழியட்டும். காலை பஸ் எப்படி, குழாய்த் தண்ணீர் எப்படி, எந்தத் தெருவில் முழங்கால் அளவு நிற்கிறது என்று நீங்களும் உங்கள் மனைவியும் நேரில் பார்த்துவிடுவீர்கள். மார்கழியில் பத்திரப் பதிவு பலரும் வைத்துக்கொள்வதில்லை. அந்த மாதத்தில் மனைகளைப் பார்த்து, தையில் பேசி முடியுங்கள். மனை முடிவானதும் புல வரைபடத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், அஸ்திவாரம் எப்படிப் போடலாம் என்று மண்ணைப் பார்த்துச் சொல்கிறேன்.